தீவகத்துக் கல்லெழுத்தும் அதைக் காணச் செல்லும் வழியும்



பழங்கால மனிதன் பாறையின்மீது தீட்டிவைத்த ஓவியங்களை ஒருமுறையேனும் கண்ணாரக் காணவேண்டும் என்பது என் நண்பர் ஒருவரின் நெடுநாள் ஆசை. மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காவைப் பற்றி அவர் நிறையப் படித்திருந்தார். வாகண்கர் என்னும் அறிஞர் 1957ஆம் ஆண்டில் புகைவண்டியிலிருந்து தொலைவிலே சில பாறைகளைக் கண்டு, இறங்கி அவற்றைத் தேடிச் சென்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எவரும் பொருட்படுத்தாதிருந்த ஓவியங்களை உலகுக்கு அறிவித்த வரலாற்றை அவர் சுவைபடச் சொல்வார். தமிழ்நாட்டிலே விழுப்புரத்துக்கு அண்மையிலுள்ள கீழ்வாலையில் செங்காவி கொண்டு வரைந்த உருவங்கள் இருப்பதும் அவருக்குத் தெரியும். நம் நாட்டு வேடரின் குகைச் சித்திரங்களையும் அவர் அறிவார். 1911ஆம் ஆண்டில் வேடரைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், வேட்டைக்குப் போன ஆடவர் திரும்பி வரும்வரை காத்திருந்த பெண்களே சாம்பலைக் குழைத்துக் குகைச் சுவரில் அவ்வுருவங்களை எழுதினர் என்று குறித்திருக்கின்றனர்.

“இவையெல்லாம் எனக்குத் தூரம். யாழ்ப்பாணத்துப் பக்கத்திலே பார்க்கத்தக்கது ஒன்றும் இல்லையா?” என்று ஒருநாள் அவர் கேட்டார். இல்லை என்றுதான் முதலிற் சொல்ல வேண்டியிருந்தது. நமது குடாநாட்டிலும் அதனை அடுத்த தீவகத்திலும் மலை கிடையாது. மலை இல்லாத இடத்தில் முழைஞ்சும் இல்லை. நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல், கரையோரத்திலே முருகைக்கல். மழைநீர் பட்டுப்பட்டு இவ்விரண்டும் அரிபடும். வண்ணத்தை ஆயிரமாண்டு தாங்கும் கற்கள் அல்ல இவை. ஆனால், “சித்திரம் எழுதிய பாறை இல்லாவிட்டாலும் பேசுகின்ற கல் ஒன்று உண்டு, அதைக் காண வருகிறீரா?” என்றேன். வருகிறேன் என்றார். அவருக்காக நான் வகுத்த பயணத் திட்டத்தையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகின்றேன். திட்டத்திலே வழி குறைவு, சரித்திரம் மிகுதி. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்படவேண்டும். இரு புறமும் முழங்கால் ஆழத்துப் பரவைக்கடல். அதனிடையே இறால் பிடிப்போரின் கூடுகள். நடுவே நேராகச் செல்லும் தெரு. மண்டைதீவுச் சந்தியைக் கடந்தால் அல்லைப்பிட்டி வரும். வாகனத்தில் வருவோர் பெரும்பாலும் இவ்வூரை நில்லாமலே கடந்துவிடுவர். மணலும் பனையுமன்றிக் கண்ணைக் கவரும் பொருள் ஒன்றும் அங்கே இல்லை. ஆயினும் இரண்டு நிமிடமாவது அங்கே நிற்கும்படி நண்பருக்குச் சொல்லியிருக்கின்றேன். 1977ஆம் ஆண்டில் ஜோன் கார்சுவெல் என்னும் ஆராய்ச்சியாளர் இம்மணலிலேதான் சீனநாட்டு மட்பாண்டங்களின் உடைவுகளைக் கண்டெடுத்தார். வட சோங் மரபினர் சீனத்தை ஆண்ட காலத்தின் பிற்பகுதிக்குரியவை அவை. 2018ஆம் ஆண்டில் ஷங்காய் நூதனசாலையைச் சேர்ந்த அறிஞர் இங்கு வந்து அகழ்ந்தபொழுது மேலும் 600க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளிலே தென்சீனத்துச் சூளையொன்றிற் சுடப்பட்ட சாடியொன்று எத்தனை கடல்களைத் தாண்டி அல்லைப்பிட்டி மணலில் வந்து உடைந்தது! நாம் காணப்போகும் கல்லெழுத்துக்கு இவ்வோட்டுத் துண்டுகள் முன்னுரை போன்றவை. வெளிநாட்டு வணிகர் இங்கே வந்தனர் என்று கல் சொல்லும். ஆம், வந்தோம் என்று ஓடு சொல்லும்.

வேலணை வங்களாவடிச் சந்தியிலே வழி பிரிகின்றது. ஒன்று ஊர்காவற்றுறைக்கும் மற்றது புங்குடுதீவுக்கும் செல்லும். முதலில் ஊர்காவற்றுறைக்குப் போவதே முறை. கல்லிலே பெயர் பொறிக்கப்பட்ட ஊரைக் கண்டபின்னரே கல்லைக் காணவேண்டும்.

இவ்வூரின் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பழைய சாசனங்களில் இது ஊராத்துறை. காலப்போக்கில் ஊர்காவற்றுறை ஆயிற்று. போர்த்துக்கேயர் தம் மொழியிலே இதனை யானைத்துறை என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். அத்தொடரில் ‘துறை’ என்ற பொருள் தரும் சொல் மட்டும் எஞ்சி, ஆங்கிலேயர் வாயிலே கயிற்ஸ் ஆயிற்று. யானை மறைந்து துறை மட்டும் நின்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வன்னிக் காட்டிலே பிடித்த யானைகளை நடத்திக் கொண்டுவந்து இங்கே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவது போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் பெருவணிகமாயிருந்தது. கோல்கொண்டாவினின்றும் வங்காளத்தினின்றும் அவற்றை வாங்க வணிகர் வந்தனர்.

துறையில் நின்று பார்த்தால் எதிரே கடல் நடுவிலே ஒரு கோட்டை தெரியும். ஊரவர் அதனைக் கடற்கோட்டை என்பர். போர்த்துக்கேயர் அமைத்த அதனை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். உள்ளே இருந்தோரைப் பணியவைத்தது பீரங்கியன்று, தாகம். நன்னீர்த் தொட்டி உடைந்துபோக, சுற்றிலும் கடலிருக்கக் குடிக்க நீரின்றி அவர்கள் சரணடைந்தனர். அப்படையெடுப்பிலே உடன்வந்த பல்தேயஸ் பாதிரியார் இதனை எழுதிவைத்துள்ளார். ஒல்லாந்தர் கோட்டைக்கு ‘ஹம்மன்ஹீல்’ எனப் பெயரிட்டனர். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்கு ஒரு பன்றித்தொடை போலத் தோன்றியதாம். அதன் குதிப்பகுதியே இக்கோட்டையாம்! தீவுகளுக்கும் அவர்கள் தம் ஊர்ப் பெயர்களையே சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லம், நெடுந்தீவு டெல்வ்ற். கடைசிப் பெயர் ஒன்றுதான் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. மற்றவை அவர்களோடு போயின.

இனி, வந்த வழியே வங்களாவடிக்குத் திரும்பிப் புங்குடுதீவுத் தாம்போதியைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்லவேண்டும். நகரிலிருந்து நேரே வந்தால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இவ்விடத்திலே தெரு முடிந்து கடல் தொடங்குகின்றது. நயினாதீவுக்கு இயந்திரப் படகிலே அரை மணி நேரமும் ஆகாது. ஆனால் எந்த மாதத்தில் வருகிறோம் என்பது முக்கியம். வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் மழையும் கொந்தளிப்பும் இருக்கும். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் அலை படகின் பக்கத்திலே மோதும். அம்மன் கோயிற் பெருவிழாவும் ஆனியில் வருவதால் படகுகளில் நெருக்கமும் மிகும். மாசி, பங்குனி மாதங்களிலே கடல் கண்ணாடி போலக் கிடக்கும். கல்லைப் படிக்கப் போகிறவர்களுக்கு அதுவே ஏற்ற காலம்.

நயினாதீவில் இறங்கினால் இரு தலங்கள். ஒன்று நாகபூஷணி அம்மன் கோயில்; மற்றது பௌத்தரின் நாகவிகாரை. நாம் தேடிவந்த கல் அம்மன் கோயிலிலே உள்ளது.

கல்லைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நான் முதன்முறை சென்றபொழுது அது தெரியாமல், நேர் எதிரே நின்று நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எழுத்தென்று ஒன்றும் தெரியாமல் திரும்பினேன். தேய்ந்த எழுத்தை நேர்வெளிச்சத்திலே காணமுடியாது. ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழவேண்டும். அப்பொழுதுதான் ஒவ்வொரு கீறலும் தன் நிழலைத் தானே காட்டும். காலை இளவெயிலோ, கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்த கைவிளக்கோ போதும். எழுத்துத் தெளிவாகத் தெரியவேண்டுமென்று சுண்ணக்கட்டி கொண்டு பூசுவதும், எண்ணெய் தடவுவதும், விரலால் வருடுவதும் ஆகா. அவ்வாறு செய்வோர் எல்லாரும் அன்பினால்தான் செய்கின்றனர். அந்த அன்பினாலேயே நம் கோயில்களில் எத்தனையோ சாசனங்கள் மழுங்கிப் போயின.

கல் என்ன சொல்லுகின்றது? இச்சாசனத்தை வாசித்து விளக்கவுரையோடு வெளியிட்டவர் வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா. 1963ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை இது. மொழி தமிழ், இறுதியிலே மன்னன் பெயர் சொல்லும் பகுதி மட்டும் கிரந்த எழுத்திலமைந்த வடமொழி.

இன்று படிக்கக் கிடைக்கும் பகுதியின் கருத்தை என் சொற்களிலே சொல்லுகின்றேன். பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். பல துறைகளிலுள்ள பரதேசிகளும் நம் துறையிலே வந்து கூடவேண்டும். யானையும் குதிரையும் நமக்கு விருப்பமானவை. ஆகையால் அவற்றைக் கொண்டுவரும் கப்பல் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் எடுத்துக்கொள்ளும், மூன்று பங்கு உடையவனுக்கு விடப்படும். ஏனைய வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நிற்கவேண்டும் என்று கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது. செப்பேடு இன்று நம்மிடம் இல்லை. கல் மட்டும் இருக்கின்றது.

எட்டுக் குதிரைகளோடு வந்த மரக்கலம் ஒன்று தீவகத்துப் பாரிலே மோதி உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். குதிரைகள் நீந்திக் கரை சேர்கின்றன. அவற்றுள் இரண்டு அரசனுக்கு, ஆறு வணிகனுக்கு. அதே இடத்தில் 100 பொதி துணியோடு வந்த கலம் உடைந்து பொதிகளெல்லாம் கரையொதுங்கினால், 50 பொதிதான் வணிகனுக்குத் திரும்பும். இக்காலத்து மனிதருக்கு இது கொள்ளையாகத் தோன்றலாம். கப்பலை இழந்து கண்ணீரோடு நிற்பவனிடத்திலே பாதியைப் பறிப்பதா என்று என் நண்பரும் கேட்டார். அக்காலத்து வழக்கம் என்னவென்று பார்த்தால்தான் இவ்வாணையின் பெருமை விளங்கும்.

உலகின் பல கரைகளிலே, உடைந்த கப்பலின் பொருள் முழுவதும் கரைக்குரிய அரசனுக்கோ தலைவனுக்கோ உரியது என்பதே அன்று வழக்கம். ஐரோப்பாவிலே அதனை ஓர் உரிமையாகவே பிரபுக்கள் கொண்டாடினர். இங்கிலாந்தில் 1236ஆம் ஆண்டிலே மூன்றாம் ஹென்றி மன்னன் அவ்வழக்கத்துக்கு ஓர் எல்லை வகுத்தான். கப்பலிலிருந்து மனிதனோ விலங்கோ உயிரோடு தப்பியிருந்தால் அது உடைகலமாகக் கருதப்படாது என்றான். 1275ஆம் ஆண்டுச் சட்டம் நாயையும் பூனையையும் பெயர் சொல்லியே குறித்தது. ஒரு பூனை உயிர்தப்பினால் வணிகனின் உடைமையும் தப்பும்! இந்தியக் கரையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. மலையாளக் கரையில் உடைந்த கப்பலிலிருந்து மீட்ட பொருள் அரசனின் பண்டாரத்துக்குச் செல்லும் வழக்கத்தையும், கள்ளிக்கோட்டையில் மட்டும் அது உடையவரிடமே விடப்படுவதையும், அதனாலேயே அந்நகர் செழித்ததையும் பதினான்காம் நூற்றாண்டிலே இபன் பதூதா எழுதினார். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244–45ஆம் ஆண்டிலே ஒரு சாசனம் பொறித்தான். முன்னைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களின் யானை, குதிரை, மணி முதலிய யாவற்றையும் பறித்து வந்தனர் என்றும், தான் விதித்த தீர்வையைத் தவிர வேறொன்றும் கொள்வதில்லை என்றும் அதில் அறிவித்தான். அது நயினாதீவுக் கல்லைவிடத் தாராளமானது. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது.

ஆகவே பராக்கிரமபாகுவின் ஆணை, முழுவதையும் பறிக்கும் வழக்கத்துக்கும் முழுவதையும் திருப்பித் தரும் நீதிக்கும் இடையிலே நிற்கின்றது. இது அருளினால் மட்டும் பிறந்தது என்று நான் எண்ணவில்லை. வணிகன் அஞ்சினால் வேறு துறைக்குப் போவான்; போனால் தீர்வை போகும், குதிரையும் போகும். துறைக்குப் பேர் வாங்கித் தருவதே இச்சட்டத்தின் நோக்கம். யானைக்கும் குதிரைக்கும் பண்டாரத்தின் பங்கைக் குறைத்ததிலே அரசனின் மனம் இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது. இரண்டும் போர்க்கருவிகள். குதிரை இந்நாட்டிலே நன்றாக இனம் பெருகுவதில்லை. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வரவேண்டும். யானையோ நம் காட்டிலே நிறைய உண்டு. காட்டிலே யானை உள்ள அரசன் கப்பலிலே வரும் யானையை ஏன் விரும்பினான்? இது என் நண்பரின் கேள்வி; நல்ல கேள்வி. பராக்கிரமபாகு பர்மிய நாட்டின்மீது படையெடுத்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாக, அந்நாட்டரசன் யானை விற்பனையைத் தடை செய்து விலையையும் ஏற்றினான் என்பதைச் சூளவமிசம் சொல்லுகின்றது. பர்மிய யானை இலங்கைக்கு வந்துகொண்டிருந்தது என்பது இதனால் விளங்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் யானையை ஏற்றி அனுப்பிய அதே துறை, பன்னிரண்டாம் நூற்றாண்டிலே யானையை வரவேற்று நின்றது.

போர்க்கருவி என்று சொன்னேன். அதற்கு இன்னொரு சாட்சி கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டுத் திருவாலங்காட்டிலே இருக்கின்றது. இரண்டாம் இராசாதிராச சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட அச்சாசனம் 1178ஆம் ஆண்டளவினது. பாண்டியநாட்டு அரசுரிமைப் போரிலே சோழரும் பராக்கிரமபாகுவும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற காலம் அது. ஈழத்தரசன் ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களிலே படை திரட்டிக் கப்பல் கட்டுகின்றான் என்ற செய்தி சோழநாட்டுக்கு எட்டியது. பராக்கிரமபாகுவின் மருமகனாகிய ஸ்ரீவல்லபன் அரசுரிமை வேண்டிச் சோழரிடம் வந்திருந்தான். அவனோடு ஒரு படையை அனுப்பி அத்துறைகளைச் சோழர் அழித்தனர். அங்கிருந்த யானைகளையும் கைப்பற்றினர். அவ்வழிவிலே முதலில் நிற்கும் பெயர் ஊராத்துறை. இங்கே அஞ்சாமல் வந்து தங்குங்கள் என்று வணிகரை அழைத்த அதே துறையிலே, அதே அரசன் போர்க்கலம் கட்டினான். அவன் பகைவர் அதைக் கொளுத்தினர். ஆணை முன்னதா, அழிவு முன்னதா என்று கேட்டால், கல்லிலே ஆண்டு சொல்லும் பகுதி இல்லை. எனக்குத் தோன்றுவது இது: அழிவுக்குப் பின் துறைக்கு வணிகரை மீண்டும் அழைக்கவும் இத்தகைய சலுகை வேண்டியிருந்திருக்கலாம். இதனை வெறும் ஊகமாகவே கொள்ளுக.

சிங்கள நாட்டு மாமன்னன் தன் ஆணையைத் தமிழிலே ஏன் வெட்டுவித்தான் என்று பலர் வியப்பர். வியப்புக்கு இடமில்லை. சட்டம் யாருக்காகவோ அவர் படிக்கும் மொழியிலே அது இருக்கவேண்டும். அக்காலத்திலே இத்துறைமுகங்களில் இயங்கிய வணிகரும் அவர்தம் கணக்கரும் தமிழிலே தொழில் நடத்தினர். ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் கூட்டத்தாரின் தமிழ்ச் சாசனங்கள் இலங்கையின் உள்நாட்டிலே, பதவியா, வாகல்கடை முதலிய இடங்களிலும் கிடைத்திருக்கின்றன. பொலன்னறுவையிலே புத்தர் தந்தத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்ட செய்தியும் தமிழிலேதான் கல்லில் நிற்கின்றது. ஆட்சி ஒருவரது, மொழி வேறொருவரது என்று பிரித்து எண்ணும் பழக்கம் பிற்காலத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு அது தெரியாது.

நயினாதீவின் பழம்பெருமை இக்கல்லோடு தொடங்கியதன்று. மகாவமிசம் கூறும் நாகதீபத்தில் நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காகப் போரிட்டனர். புத்தர் வந்து அமைதி செய்தார். மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத் தீவிலும் நாகர் இருவரின் போரும் புத்தபீடிகையும் உண்டு. இரு மொழியினரும் ஒரே கதையை வைத்திருக்கின்றனர். நாகதீபம் என்பது பழங்காலத்தில் குடாநாடு முழுவதற்கும் வழங்கிய பெயர். மணிபல்லவம் எது என்பதிலே அறிஞர் ஒருமித்திலர். அதனை நயினாதீவோடு பொருத்துவாரும் உண்டு. இன்று தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகரும் வடக்கிலுள்ள தமிழ் அடியாரும் ஒரே படகிலேதான் குறிகட்டுவானிலிருந்து ஏறுகின்றனர். ஒருவர் வெண்பூவும் மற்றவர் தேங்காயும் வைத்திருப்பர். மணியாசனச் சண்டையை மீண்டும் தொடங்க விரும்புவோர் இக்காலத்திலும் இரு பக்கத்திலும் உண்டு. படகிலே நான் அவர்களைக் கண்டதில்லை.

அடுத்த நாள் நெடுந்தீவு. இது சற்று நீண்ட கடற்பயணம். ஒரு மணி நேரமளவு ஆகும். தீவிலே முதலிற் கண்ணில் படுவது வேலிகள். மரத்தாலும் ஓலையாலும் அல்ல, முருகைக்கல்லைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். ஐரோப்பியர் கட்டிய கோட்டையின் இடிபாடும் அதே கல்தான். மேற்குக் கரையிலே வெடியரசன் கோட்டை என்று ஊரவர் காட்டும் மேடுகள் உள்ளன. நாகமணி தேடி வந்த மீகாமனோடு பொருத முக்குவர் தலைவன் வெடியரசன் என்பது கதை. கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய மணியே அது என்பர். தொல்பொருளாராய்ச்சியாளரோ அம்மேடுகளைப் பௌத்த தூபிகளின் எச்சம் என்கின்றனர். கதையை நம்பிப் போகிறவருக்கும் ஆராய்ச்சியை நம்பிப் போகிறவருக்கும் காண்பதற்குக் கல் ஒன்றே. நண்பரின் பாறைச் சித்திர ஆசைக்கு மிக அண்மையில் வருவது, அங்குள்ள கல்லிலே தெரியும் பெரிய அடிச்சுவடு. மனித அடியைவிடப் பன்மடங்கு பெரிது. அனுமனுடையது என்பாரும் ஆதமுடையது என்பாரும் உண்டு. ஆண்டுதோறும் வளர்வதாகச் சொல்லப்படும் ஒரு கல்லும் உண்டு. முருகைக்கல் கடலை விட்டு வெளியேறிய பின் வளராது என்று படித்திருக்கின்றோம். அதனை அந்த ஊர்க் கிழவரிடத்திலே சொல்ல வேண்டாம் என்று நண்பரை எச்சரித்திருக்கின்றேன்.

ஆனால் நெடுந்தீவிலே நான் காட்ட விரும்புவது அவற்றையெல்லாம் அன்று. திறந்த புல்வெளியில் கூட்டமாக மேயும் மட்டக்குதிரைகளையே காட்டவேண்டும். ஐரோப்பியர் இத்தீவிலே குதிரை வளர்த்தனர். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் இராணுவ அதிகாரி அதனை நடத்தினார். தொழில் நின்றது, குதிரைகள் மட்டும் உரிமையாளரின்றி எஞ்சின. வறட்சிக் காலங்களிலே குடிக்க நீரின்றி அவை இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. குதிரை நமக்கு விருப்பம் என்று ஓர் அரசன் கல்லிலே எழுதிவைத்த கடலின் அக்கரையிலே, யாருக்கும் வேண்டாத குதிரைகள் வெயிலில் நிற்கின்றன.

இப்பயணத்திலே ஒன்றை நான் மறைக்க விரும்பவில்லை. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடைப்பட்ட இக்கடலிலேதான் 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் குமுதினி என்னும் படகிற் சென்ற பயணிகள் நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டு, பெண்கள் குழந்தைகள் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளிலே நெடுந்தீவார் அவர்களை நினைத்து விளக்கேற்றுகின்றனர். இத்துறைக்கு வருவோர் காக்கப்படவேண்டும் என்ற வாசகம் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கூப்பிடு தூரத்துத் தீவொன்றிலே, கல்லில் இருந்தது. படகு அவ்விடத்தைக் கடக்கும்பொழுது வயதானவர்கள் பேச்சை நிறுத்துவதைக் கண்டிருக்கின்றேன்.

நண்பருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பின் கடைசிப் பகுதி சாதாரண விஷயங்கள். குடிநீர் கையோடு கொண்டுபோகவேண்டும். நெடுந்தீவிலே நல்ல நீர் அரிது. திரும்பும் கடைசிப் படகு எப்பொழுது என்று இறங்கும்பொழுதே துறையிற் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காற்று மாறினால் அந்நேரமும் மாறும். முருகைக்கல் துண்டொன்றை நினைவுக்கென்று எடுத்துவரலாகாது. ஒருவர் ஒன்று எடுத்தால் வேலி தாங்கும், வருகிறவரெல்லாம் எடுத்தால் தாங்காது. கோயிலுக்குள் கல்லைப் படிக்கவும் படம் எடுக்கவும் விரும்பினால் அங்குள்ளோரிடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். பூசை நேரத்தை விட்டுவிட வேண்டும். எழுத்துப் பழக்கம் இல்லாதவர் இந்திரபாலாவின் வாசகத்தைப் பிரதி செய்து கொண்டுபோய், முதலில் ஊராத்துறை என்ற ஒரு சொல்லை மட்டும் தேடிப் பிடிக்கலாம். அது அகப்பட்டால் அடுத்த சொல் தானே அகப்படும்.

வருகின்ற மாசியிலே புறப்படுவதாக முடிவு செய்திருக்கின்றோம். நண்பர் பிரதியை எழுதி முடித்துவிட்டார். சாய்த்துப் பிடிக்க ஒரு கைவிளக்கு வாங்குவது மட்டுமே பாக்கி.